பதினேழாவது ஆளின் மனைவி

— கண்ணாடியைக் கழட்டு அச்சே. எனக்குச் சிரிப்பு வருது.

— சிரிக்காத. இப்ப நான் உன் நாத்தனார் இல்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரப் போற நீதிபதியம்மா. நீதிபதியம்மான்னா கண்ணாடி இருக்கும்.

— உனக்கு யாரு சொன்னது?

— யாரு சொல்லணும்? உன் கேஸ் கட்டைப் பாத்தேல்ல, நம்ம ஊர் சாணி வரட்டி மாதிரி அம்மாம் தடிமன். அதைப் படிச்சா யாருக்கும் கண்ணு போயிடும். நேரா உக்காரு. பேரு?

— யும்சோ.

— வயசு?

— முப்பத்தி நாலு இருக்கும்.

— இருக்கும் என்ன இருக்கும்? முப்பத்தி நாலு. அவ்வளவுதான். நீ 'இருக்கும்'னு இழுத்தா அவங்க 'இல்லாமலும் இருக்கும்'னு எழுதிக்குவாங்க.

— மாவுக் கையோட பதில் சொல்லலாமா? இந்த மோமோ எல்லாம் காஞ்சு போகும்.

— மடிச்சுக்கிட்டே சொல்லு. கேட்டியா, வக்கீலம்மா மனப்பாடம் பண்ணாதீங்கன்னு சொன்னாங்கதான். உண்மையைச் சொன்னாப் போதும்னாங்க. ஆனா போன தடவை நீ உண்மையைத்தான் சொன்ன, என்ன ஆச்சு? மனுவைத் தள்ளிட்டாங்க. உண்மைக்கும் ஒத்திகை வேணும்டீ. முதல் கேள்வி. எதுக்காக இந்த நாட்டுல பாதுகாப்பு கேக்குறீங்க?

— எங்க வீட்டுக்காரர் எங்க மேய்ச்சல் நிலத்துல சுரங்கம் தோண்டக் கூடாதுன்னு மனு எழுதினார். குதிரையில கூடாரம் கூடாரமாப் போய்க் கைரேகை வாங்கினார். அதுக்காகப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. ஏழு மாசம் வெச்சிருந்துட்டு, ஒரு வண்டியில கொண்டாந்து ரோட்டோரமா இறக்கிவிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல இருபது நாள் இருந்தார். அப்புறம் இல்ல. அவர் உள்ள இருந்தப்ப அந்தச் சேதியை வெளிநாட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னது நான். அது தெரிஞ்சு என்னைத் தேடினாங்க. ஓடி வந்துட்டேன். திருப்பி அனுப்பினா அவர் போன இடத்துக்குத்தான் நானும் போவேன்.

— நல்லாச் சொன்ன. கொஞ்சம் அழுதிருக்கலாமோ?

— வந்தா அழு, வரலைன்னா விடுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க.

— சரி சரி. அடுத்தது. கணவர் பேரு?

— ...

— கணவர் பேரு என்னம்மா?

— கறியில உப்பு போட்டியா அச்சே?

— பாத்தியா, பாத்தியா! இதேதான் போன தடவையும். குடியேற்ற இலாகா ஆபீசர் கேட்டப்ப என்ன பண்ணின நீ?

— பட்டியலைக் காட்டினேன்.

— காட்டி என்ன சொன்ன?

— பதினேழாவது ஆள்னு சொன்னேன்.

— பதினேழாவது ஆள்! கட்டின புருஷனைச் சொல்றாளாம், ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி!

— வேற எப்படிச் சொல்றது? காவல்ல அடிபட்டுச் செத்தவங்க பட்டியல்ல அவர் போட்டோ, பேரு, ஊரு எல்லாம் இருந்துச்சு. மேலேருந்து எண்ணினேன், பதினேழாவது. விரலை வெச்சுக் காட்டினேன். கண்ணு இருக்கிறவங்க படிச்சுக்க வேண்டியதுதானே?

— படிச்சுக்கிட்டார்டீ. நல்லாப் படிச்சுக்கிட்டார். என்ன எழுதியிருக்கார்னு கேளு. 'இப்படியொரு திபெத்தியர் இருந்தார், காவலில் துன்புறுத்தப்பட்டு இறந்தார் என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பட்டியல் எவரும் பார்க்கக் கூடியது. விண்ணப்பதாரர் தன் கணவர் என்று கூறும் நபரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. திருமணப் பதிவுச் சான்று இல்லை. இவர் அந்த நபரின் மனைவி என்பதை...'

— அதைப் படிக்காத அச்சே. எனக்கு அது மனப்பாடம். பஸ்ல, வேலையில, படுக்கையில எல்லாம் அதுதான் ஓடுது.

— எனக்கு மட்டும் இல்லையா? என்னைப் பத்தி என்ன எழுதினார்? 'சாட்சி, விண்ணப்பதாரருடன் ஒரே வீட்டில் வசிக்கும் தோழி. இவர் கூற்றுக்குக் குறைந்த மதிப்பே அளிக்கிறேன்.' குறைஞ்ச மதிப்பாம்! பன்னெண்டு வருஷமா உன் கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், என்னைப் போய்த் தோழிங்கிறார். அவ்வளவு சண்டை நாத்தனார் தவிர வேற யாரு போடுவா? அதையாவது கேட்டிருக்கலாம்ல?

— நீ மட்டும் பேரைச் சொன்னியாக்கும்? 'எங்க வீட்டுச் சின்னவன்'னு சொன்ன.

— வேற என்னன்னு சொல்லுவேன்? போன தம்பியை எந்த அக்கா பேர் சொல்லுவா?

— நான் பதினேழாவது ஆள்ங்கிறேன், நீ சின்னவன்ங்கிற. ஆபீசர் இது ரெண்டும் வேற வேற ஆள்னு நினைச்சுட்டார்.

— ஊர்ச் சங்கத்துலேருந்து கடுதாசி குடுத்தோமே! போனவங்க பேரைச் சொன்னா அவங்க திரும்பிப் பாப்பாங்க, போற வழியில நின்னுடுவாங்க, அதனால எங்க சனங்க சொல்ல மாட்டாங்கன்னு எவ்வளவு அழகா எழுதினார் செயலாளர்.

— அதுக்கும் குறைஞ்ச மதிப்புதான். அன்னிக்குப் போன்ல பேரைச் சொன்னவ இன்னிக்கு ஏன் சொல்லலைன்னு கேட்டிருக்காங்க.

— கேக்கட்டும். நீ என்ன சொல்லுவ?

— அப்ப அவர் உசிரோட இருந்தார் அச்சே! உசிரோட இருக்கிற மனுஷன் பேரை எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். மலை மேல ஏறி நின்னு கத்துவேன். கத்திக் கத்தித்தான் ஏழு மாசத்துல வெளியில விட்டாங்க. செத்ததுக்கு அப்புறம் கூப்பிட்டா அவர் எப்படி வருவார்? வர முடியாதவரைக் கூப்பிட்டு எதுக்கு வதைக்கணும்?

— ஆங். இதை இப்படியே நாளைக்குச் சொல்லு. இதே கோவம், இதே சத்தம். ஆனா யும்சோ, பேரையும் சொல்லணும். வேற வழியில்ல. லாமாவே சொல்லிட்டார்ல, ஒரு உசிரைக் காப்பாத்தச் சொன்னா தோஷம் இல்லைன்னு.

— தெரியும்.

— இப்ப ஒரு தடவை சொல்லிப் பழகு.

— காலையில குளிக்கிறப்ப தண்ணியைத் திறந்து விட்டுட்டுச் சொல்லிப் பாத்தேன்.

— அதான் அரை மணி நேரம் தண்ணி ஓடிச்சா? நான் என்னமோ நாளைக்குக் கோர்ட்டுக்குன்னு தேய்ச்சுக் குளிக்கிறான்னு நினைச்சேன்.

— நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்படியே நின்னுடுச்சு.

— நான் காதைப் பொத்திக்கிறேன். சொல்லு.

— நீ பொத்திக்கிட்டா ஆச்சா? அவர் காதுல விழுமே.

— அவன் காதா! அடி போடீ. உசிரோட இருந்தப்பவே நீ கூப்பிட்டா அவன் காதுல விழுந்ததில்ல. பட்டி வாசல்ல நின்னு ஏழு தடவை கத்துவ. கல்லு மாதிரி நிப்பான்.

— எட்டாவது தடவை வந்துடுவார்.

— ம். வந்துடுவான். சிரிச்சுக்கிட்டே வருவான், ஒண்ணும் தெரியாத மாதிரி.

— ...தம்த்ரின். எங்க வீட்டுக்காரர் பேரு தம்த்ரின். தம்த்ரின். அச்சே, காதுலேருந்து கையை எடு. சொல்லிட்டேன்.

— கேட்டுச்சுடி. பொத்தினா மட்டும் கேக்காமப் போயிடுமா.

— நீ எதுக்கு அழுற?

— நீதிபதியம்மா அழக் கூடாதா? அவங்களும் மனுஷிதானே.

— கூரை இடிஞ்சு விழல.

— விழல. மேல் வீட்டுக்காரன் நாற்காலியை இழுக்கிறான், அவ்வளவுதான். டீ ஆறிப் போச்சு, குடி. இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போட்டுத் தரட்டா?

— வேணாம். இந்த ஊர் வெண்ணெய்க்கு வாசனையே இல்ல. அடுத்த கேள்வி கேளு.

— அடுத்தது படம். இங்க பாரு என்ன எழுதியிருக்குன்னு. 'சமர்ப்பிக்கப்பட்ட குடும்பப் புகைப்படத்தில் நடுவில் ஓர் ஆள் அளவுக்குக் கத்தரித்து எடுக்கப்பட்டிருக்கிறது. இது சிதைக்கப்பட்ட ஆவணம்.' சிதைச்சேனாம்! ஆட்டு ரோமம் வெட்டுற கத்தரிடீ அது, என் முழங்கை நீளம். அதை வெச்சுக்கிட்டு தொப்பி, தோளு, பூட்ஸு எல்லாம் கோடு பிசகாம வெட்டியிருக்கேன். பக்கத்துல நிக்கிற உன் மேல ஒரு கீறல் உண்டா?

— இல்ல. நல்லாத்தான் வெட்டியிருந்த.

— நம்ம சனங்க எல்லார் வீட்டுலயும் இப்படி ஓட்டைப் படம் இருக்கு. அந்த ஆபீசர் வந்து ஒரு வீட்டுச் சுவரைப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். சரி, கேக்குறேன். இந்த ஓட்டையில இருந்தது யாரு?

— எங்க வீட்டுக்காரர் தம்த்ரின்.

— சபாஷ். எதுக்கு வெட்டினீங்க?

— படம் வீட்டுல இருந்தா நாங்க பாத்துப் பாத்து அழுவோம். அழுதா அவர் போக மாட்டார். நாப்பத்தொன்பது நாளுக்குள்ள அவர் அடுத்த பிறவிக்குக் கிளம்பணும். அதனால அவர் சாமான் எல்லாத்தையும் எரிச்சோம். படத்துலேருந்தும் எடுத்தோம்.

— யாரு வெட்டினது?

— என் நாத்தனார் கன்த்ரோ. வெளியில பெஞ்சில உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க.

— அதெல்லாம் நல்லாப் பேசுற. வெட்டின துண்டு எங்க?

— ...

— எரிச்சாச்சுன்னு சொல்லு யும்சோ. தூபத் தழை போட்டு, வரட்டி நெருப்புல, அவன் உடுப்போட சேத்து. இலாகாவுல அப்படித்தானே சொன்ன?

— அப்படித்தான் சொன்னேன். அச்சே, கண்ணாடியைக் கழட்டு.

— மறுபடியுமா?

— இது நீதிபதியம்மா கிட்டச் சொல்றது இல்ல. உன் கிட்டச் சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமையிலேருந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். கழட்டு.

— கழட்டியாச்சு. சொல்லித் தொலை. அந்த மோமோவை விடு, பிசைஞ்சு பிசைஞ்சு அது உசிரு போயி எவ்வளவோ நேரம் ஆச்சு.

— துண்டு என் கிட்ட இருக்கு.

— எந்தத் துண்டு?

— அவர்.

— ...

— திட்டு அச்சே. பேசாம இருக்காத. திட்டிடு.

— எட்டு வருஷம்.

— ம்.

— எட்டு வருஷமா அவனைக் கூடவே வெச்சுக்கிட்டு இருக்கியா? நான் தினம் தினம் விளக்கேத்தி, தம்பி நீ நல்லபடியாப் போய்ச் சேரு, திரும்பிப் பாக்காதன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீ இந்தப் பக்கம் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்க!

— ஆமா.

— எங்க வெச்சிருந்த?

— என் நீலக் கோட்டு. காலருக்குள்ள வெச்சுத் தைச்சிருந்தேன்.

— அந்த நாத்தம் பிடிச்ச கோட்டா? குப்பையில போடு போடுன்னு வருஷா வருஷம் சொன்னேனே, அதுலயா?

— அதனாலதான் போடல.

— நான் ஒரு தடவை போட்டேன்டீ! போன வருஷம் குப்பைத் தொட்டியிலயே போட்டேன்!

— தெரியும். நான் போய் எடுத்துட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லைன்னு நினைச்சு ரெண்டு ரொட்டி கொண்டாந்து குடுத்தாங்க.

— சிரிக்க வைக்காத. நான் கோவமா இருக்கேன். எங்க கிடைச்சது உனக்கு?

— எது?

— அதுதான். துண்டு. எங்கேருந்து எடுத்த?

— மறுநாள் விடியறதுக்கு முன்னாடி சாம்பல் அள்ளப் போனேன். அடுப்போரமா, சாம்பலுக்குள்ள கிடந்துச்சு. முழுசா. ஓரம்கூடக் கருகல. ராத்திரி பூரா எரிஞ்ச நெருப்பு அச்சே. அவர் தோல் பெல்ட்டு போச்சு, தொப்பி போச்சு, பூட்ஸு போச்சு. இந்தக் காகிதத்தை மட்டும் தீ தொடலை.

— அடுப்போரமா.

— ஆமா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவர் போக மாட்டேங்கிறார். என்னை விட்டுட்டுப் போக மனசு வரல, அதான் தீயே தொடலைன்னு நினைச்சேன். அப்படி நினைச்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! உடனே பயமும் வந்துச்சு. நீ பாத்தாத் திரும்ப நெருப்புல போட்டுடுவன்னு மடியில மறைச்சுக்கிட்டேன். அப்புறம் தினமும் ராத்திரி நாளைக்கு எரிச்சுடலாம், நாளைக்கு எரிச்சுடலாம்னு... எட்டு வருஷம் ஆயிடுச்சு.

— காட்டு.

— கோவிச்சுக்க மாட்டியே?

— கோவம்தான். காட்டு.

— இந்தா. பார்த்துப் பிடி, ஓரம் எல்லாம் மெலிசாயிடுச்சு.

— அடப் பாவி. தம்பி! எவ்வளவு சின்னதா இருக்கான். என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கான். காதைப் பாரேன், ரெண்டு காதும் தொப்பிக்கு வெளியில. எங்கம்மா எத்தனை தடவை உள்ள தள்ளி விடுவாங்க. மூக்கு அப்படியே எங்கப்பா. ஏன்டா இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிற? போட்டோ எடுக்கிறவன் உன் குதிரையையா பிடுங்கிக்கிட்டுப் போகப் போறான்?

— அன்னிக்குக் குதிரைப் பந்தயத்துல தோத்துட்டார். அதான் அந்த மூஞ்சி.

— ஆமா ஆமா. யாருகிட்டத் தோத்தான்? அந்தத் தொந்தி வெச்ச பக்கத்துக் கூடாரத்துக்காரன் கிட்ட. மூணு நாள் சோறு திங்கல. எடு, அந்தப் படத்தை எடு. மாவுக் கையால தொடாத, துடைச்சுக்கிட்டு எடு. வெச்சுப் பாப்போம்.

— நான் வெச்சுப் பாத்திருக்கேன்.

— நான் பாக்கலேல்ல? வை.

— இந்தா.

— உக்காந்துடுச்சு. கோடு பிசகாம. என் கத்தரி.

— உன் கத்தரிதான்.

— பக்கத்துல நீ. எவ்வளவு ஒல்லியா இருந்திருக்க! காத்தடிச்சாப் பறந்துடுவ. அவன் உன் பக்கமா சாஞ்சு நிக்கிறான், பாரு. வெட்டுறப்ப இதெல்லாம் எங்கே பாத்தேன். கண்ணுல தண்ணி, கத்தரி மட்டும்தான் தெரிஞ்சுது. நல்ல ஜோடிடீ நீங்க.

— வக்கீலம்மாவும் அதைத்தான் சொன்னாங்க.

— அவங்க கிட்ட முன்னாடியே காட்டிட்டியா? எனக்கு அப்புறமா?

— அவங்க திட்ட மாட்டாங்க, அதான். வெள்ளிக்கிழமை கோட்டோட போய்ப் பிரிச்சுக் காட்டினேன். பட்டியல்ல இருக்கிற போட்டோவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. அதே மூஞ்சி, அதே மச்சம். அது ஓட்டையில சரியாப் பொருந்துது, பக்கத்துல நான் நிக்கிறேன். யும்சோ, இது ஒண்ணு போதும்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

— அப்புறம் என்னடீ? ஜெயிச்சாச்சு! இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? தம்பி, உன் பொண்டாட்டியைக் காப்பாத்தத்தான் நின்னியா நீ? சரி, நில்லு நில்லு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நில்லு.

— அவ்வளவு சுலபம் இல்ல அச்சே. கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் உக்கார வெச்சு ரெண்டு கேள்வி கேட்டாங்க. ஒண்ணு, இத்தனை வருஷம் ஏன் காட்டலை? ஆதாரம் கடைசி நேரத்துல வந்தா, சரியான காரணம் இல்லைன்னா, அதையே நம்ம மேல சந்தேகமாத் திருப்பிக்கலாம்னு சட்டம் இருக்காம். எரிச்சுட்டேன்னு நானே சொல்லியிருக்கேன் வேற. இப்ப இருக்குன்னு போய் நின்னா, அப்ப பொய் சொன்னியா, இல்ல இப்ப இதை எங்கயாவது செஞ்சு எடுத்துட்டு வந்தியான்னு கேப்பாங்க.

— நாத்தனாருக்குப் பயந்து மறைச்சேன்னு சொல்லு. உலகத்துல இருக்கிற எல்லாப் பொம்பளைக்கும் அது புரியும்.

— அதைச் சொன்னேன். வக்கீலம்மா சிரிச்சாங்க. அது நல்ல காரணம்தான், எழுதித் தரேன்னாங்க. ரெண்டாவது கேள்விதான். நெருப்புலேருந்து காகிதம் எப்படி முழுசா வந்துச்சு? மூணு தடவை கேட்டாங்க அச்சே. மூணு தடவையும் தீ தொடலைன்னு சொன்னேன். அவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது. நாலு வருஷமா எனக்காக அலையுறாங்க, காசு வாங்காம எழுதுறாங்க. அவங்களுக்கே நம்பிக்கை வரல. பேனாவை வெச்சுட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. உங்க நாத்தனார் சாட்சிக்கு வர்றாங்க, அவங்க கிட்டயும் இதைக் கேப்பாங்க, அந்த ரூமுல வெச்சு அவங்க முதல் தடவையா இதைக் கேக்கக் கூடாது, போய்ச் சொல்லிடுங்கன்னாங்க. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு இதுக்கான வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.

— கண்ணாடியை எடு.

— எதுக்கு?

— எடுன்னேன். ம். அம்மா, அந்த நெருப்பு எவ்வளவு நேரம் எரிஞ்சது?

— ராத்திரி பூரா.

— தோல் பெல்ட்டு எரிஞ்சுதா?

— எரிஞ்சுது.

— பூட்ஸ் அடிப்பாகம், ரப்பர், அது?

— உருகிப் போச்சு.

— காகிதம் மட்டும் எரியல.

— எரியல.

— காத்து அடிச்சுப் பறந்து வெளியில விழுந்ததா?

— கூடாரத்துக்குள்ள ஏது காத்து? சாம்பல் மூடித்தான் கிடந்துச்சு.

— அப்ப தெய்வச் செயல்னு சொல்றீங்களா? நான் அதை எழுதிக்கிட்டு உங்களுக்கு விசா குடுக்கணும்?

— நான் பாத்ததைத்தான் சொல்றேன். வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

— நானா இருந்தா நம்ப மாட்டேன்.

— அதைக் கழட்டிட்டுச் சொல்லு. நாத்தனாராச் சொல்லு. நீயாவது நம்புறியா இல்லியா?

— ...

— நீயும் நம்பல.

— யும்சோ, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நாளைக்கு என்னைக் கூப்பிடுவாங்கல்ல. அந்தத் துண்டை வெச்சிருந்தது நான்னு சொல்லிடறேன். அது எரியாம இருந்ததுக்குக் காரணம் நான்னு சொல்லிடறேன். உன் மேல ஒரு பழியும் வராது.

— வேணாம்.

— கேளுடீ...

— வேணவே வேணாம். நீ யாரு? போன வாரம் சிட்டிக்குப் போற மஞ்சள் பஸ்ல டிக்கெட் கார்டு சத்தம் போடலைன்னு, இறங்கினதுக்கு அப்புறம் திரும்ப ஏறிப் போய் டிரைவர் கிட்டச் சொன்ன ஆளு. அவரே போதும் போம்மான்னுட்டார். நீ போய்ப் பொய் சொல்றியா? வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உன் கழுத்து சிவந்துடும். இப்பவே சிவந்திருக்கு பாரு.

— அதுக்குச் சிவக்கல.

— உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இந்த நாட்டுல எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா நீ இங்க தங்குறதுக்குக் குடுத்த கார்டுக்கே ஆபத்து வந்தாலும் வரும். நான் போனாப் போறேன் அச்சே. நீ இங்க இருக்கணும். அப்புறம் ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். எல்லாம் உண்மையா இருக்கிற கேஸ்ல ஒரு பொய் விழுந்தா, அவர் எனக்குப் புருஷன்ங்கிறதே பொய்யாயிடும். அதை மட்டும் என்னால தாங்க முடியாது.

— அது பொய்யா இருந்தாத்தானே?

— பின்ன என்ன? அடுப்போரத்துலேருந்து எடுத்தது நான். வெச்சிருந்தது நான். நீ அன்னிக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாடியும் அவர் துணியோட இந்தத் துண்டையும் கையில பிடிச்சுக்கிட்டு நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்த. நான் பாத்தேன். நீ ஒழுங்காத்தான் செஞ்ச. தீதான் தொடலை.

— தீ தொடலை, தீ தொடலைன்னு சொல்லாத!

— அதானே நடந்துச்சு! புத்தர் சத்தியமா, மும்மணி சத்தியமா நான் வேற என்ன சொல்லுவேன்? யாரு நம்பினாலும் நம்பாட்டியும் தீ அவரைத் தொடலை அச்சே!

— தீயில போட்டாத்தானேடீ தீ தொடும்? துணியை எல்லாம் போட்டேன். இதை மட்டும் அடுப்போரமா ஆறின சாம்பலுக்குள்ள சொருகிட்டேன். அவனைப் போட எனக்குக் கை வரல.